விகாரமும் விசாவும்

கிளிநொச்சியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளே இக்கட்டுரைக்குக் காரணம். அவருடைய கணவர் சார்ஜாவில் மூன்று வருடங்கள் என் அறையில் இருந்தவர். எங்களுடைய தொழிற்சாலையிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். 2023இல் ஒரு இரவு வேலையின்போது வலிப்பு வந்து விழுந்தார். வயது 36. அதற்கு முன் ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. ஸ்கான் எடுத்தபோது மூளையின் முற்பகுதியில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்து ஒரு பகுதியை எடுத்தார்கள். மிகுதியைத் தொட்டால் பேச்சுப் போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் தர அஸ்ட்ரோசைட்டோமா என்று ஒரு வரியில் அறிக்கை தந்தார்கள். நான்கு மாதத்துக்குள் விசா கான்சலாகி அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய மனைவி பத்திரிகையில் ஒரு சிறு செய்தி வாசித்திருக்கிறார். மூளைக்கட்டிக்கு மரபணு மாற்றத்தைக் குறிவைத்துத் தாக்கும் புதிய மருந்து ஒன்று வந்திருக்கிறது என்பது செய்தி. "அண்ணை, மரபணு எண்டால் பரம்பரைதானே? அப்ப இது பிள்ளையளுக்கும் வருமோ?" என்பது அவருடைய முதற் கேள்வி. "இந்தக் குளிசையை இவருக்கும் குடுக்கலாமோ?" என்பது இரண்டாவது.

நான் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடங்கள் உயிரிரசாயனம் கற்பித்தவன். இப்போது பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் இயந்திரம் ஒன்றின் முன்னால் நிற்கிறேன். முதற் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடிந்தது. இரண்டாவதுக்கு முடியவில்லை. அதற்குப் பதில் சொல்வதற்கு அந்த மருந்து எதைத் தாக்குகிறது, அது எவ்வாறு பரிசோதிக்கப்பட்டது, யார்மீது பரிசோதிக்கப்பட்டது, வளைகுடாவில் ஒரு தொழிலாளியின் உடல் மருத்துவத்தின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்ததை இங்கு எழுதுகிறேன்.

1. சொல்லில் உள்ள சிக்கல்

நாங்கள் படித்த பாடநூல்களில் 'பரம்பரையலகு' என்றிருந்தது. தமிழ்நாட்டவர் 'மரபணு' என்றார்கள். இரண்டு சொற்களிலும் பரம்பரை முன்னுக்கு நிற்கிறது. ஆகவே பரம்பரையலகில் மாற்றம் என்றவுடன் அது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்தது, பிள்ளைக்கும் போகும் என்று எமது சனம் விளங்கிக்கொள்வதில் பிழையில்லை. சொல்லே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது.

ஆனால் பரம்பரையலகு என்பது கடத்தப்படுவதற்கு மட்டும் உள்ள பொருளல்ல. உடலின் ஒவ்வொரு கலமும் நாளாந்தம் வாசித்து வேலை செய்யும் கட்டளைத் தொகுதி அது. கலம் பிரியும்போதெல்லாம் அத்தொகுதி முழுவதும் பிரதி செய்யப்படுகிறது. பிரதி செய்கையில் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவை திருத்தப்படுகின்றன, எஞ்சியவற்றுள் பல தீங்கற்றவை. ஒருவர் பிறந்து வளர்ந்த பின், மூளையில் உள்ள ஏதோ ஒரு கலத்தில், ஏதோ ஒரு நாளில் நேர்ந்த பிழை அந்தக் கலத்தின் வழித்தோன்றல்களில் மட்டுமே இருக்கும். விந்திலும் முட்டையிலும் அது இருக்காது. ஆகவே பிள்ளைகளுக்குப் போகாது. நாம் இங்கு பேசும் விகாரம் இந்த வகையைச் சேர்ந்தது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. ஒரு வீட்டில் இப்படியொரு வருத்தம் வந்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வரைக்கும் அது போகும் என்பது எமக்குத் தெரிந்ததே. ஒரு மொழிபெயர்ப்புச் சொல் ஒரு குடும்பத்தின்மேல் சுமத்தும் பாரம் அது.

2. ஒரேயொரு எழுத்து

2008ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 22 மூளைக்கட்டிகளை எடுத்து, அவற்றில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளை எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் பிழை தென்பட்டது. ஐசோசித்திரேற்று டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியத்துக்கான அலகு அது. சுருக்கமாக ஐ.டி.எச். என்பார்கள். கிரெப்சின் வட்டத்தைப் பாடமாக்கிய எவரும் இந்த நொதியத்தை மறந்திருக்க மாட்டார்கள். கலத்தின் சக்தி அடுப்பில் விறகு தள்ளும் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று புற்றுநோயின் மூலகாரணமாக இருக்கும் என்று அதுவரை பெரிதாக யாரும் நினைக்கவில்லை.

அடுத்த ஆண்டிலேயே படம் தெளிவாயிற்று. மூளையின் நரம்புக்கலங்களைத் தாங்கி நிற்கும் கிளையா கலங்களிலிருந்து எழும் கட்டிகளைக் கிளையோமா என்பர். இவற்றுள் மெதுவாக வளரும் இரண்டாம், மூன்றாம் தரக் கட்டிகளில் 70 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் இந்த விகாரம் இருப்பதை 2009இல் கண்டார்கள். இந்த விகாரங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே இடத்தில், ஒரே வகையாக நேர்ந்தவை. நொதியத்தின் 132ஆவது அமினோவமிலம் ஆர்ஜினீனாக இருக்கவேண்டிய இடத்தில் ஹிஸ்டிடீன் இருக்கிறது. டி.என்.ஏ.யில் பார்த்தால் மாறியது ஒரேயொரு எழுத்து.

அந்த ஒரு எழுத்தால் என்ன நடக்கிறது? சாதாரண நொதியம் ஐசோசித்திரேற்றை அல்பா கீற்றோகுளுட்டாரேற்று என்ற பொருளாக மாற்றுகிறது. விகாரமடைந்த நொதியமோ அந்த அல்பா கீற்றோகுளுட்டாரேற்றையே எடுத்து 2-ஹைட்ரொக்சிகுளுட்டாரேற்று என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. சாதாரண கலத்தில் இப்பொருள் மிகச் சொற்பமாகவே இருக்கும். கட்டியின் கலங்களிலோ அது தேங்கிக் குவிகிறது.

நான் நிற்கும் இயந்திரத்தை வைத்துச் சொல்வதானால், அச்சில் ஒரு பல் தேய்ந்ததால் மூடிக்குப் பதில் வேறொரு துண்டு வார்ந்து விழுகிறது. அந்தத் துண்டு மூடியைப் போலவே இருப்பதால் அடுத்த மேசையில் உள்ள இயந்திரங்களுக்குள் போய் இறுகிக்கொள்கிறது. 2-ஹைட்ரொக்சிகுளுட்டாரேற்று செய்வது இதுதான். தோற்றத்தில் அது அல்பா கீற்றோகுளுட்டாரேற்றை ஒத்திருப்பதால், அப்பொருளை நம்பி வேலைசெய்யும் வேறு நொதியங்களின் வாயை அடைத்துவிடுகிறது. டி.என்.ஏ.யின் மேலும் அது சுற்றியிருக்கும் புரதங்களின் மேலும் ஒட்டப்படும் மெதைல் குறிகளைத் துடைத்து நீக்குவது அந்த நொதியங்களின் வேலைகளில் ஒன்று. துடைப்பவர் இல்லாமற் போக, குறிகள் பெருகுகின்றன. எந்த அலகை வாசிப்பது, எதை மூடிவைப்பது என்ற ஒழுங்கு குலைகிறது. கலம் முதிர்ந்து தன் தொழிலுக்குப் போக வேண்டிய பருவத்தில் முதிராமலேயே நின்று, பிரிந்துகொண்டிருக்கிறது.

இக்கட்டிகள் மெதுவாக வளர்பவை. பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ளவர்களையே பிடிப்பவை. முதல் அறிகுறி பல வேளைகளில் வலிப்பு. வயதானவர்களில் வேகமாக வளரும் கிளையோபிளாஸ்டோமாவில் இவ்விகாரம் இல்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்படுத்தலில் இவ்விரண்டும் வெவ்வேறு நோய்களாகவே பிரிக்கப்பட்டுவிட்டன. ஆகவே 'மூளைக்கட்டிக்கு மருந்து' என்று பொதுவாகச் சொல்வது தவறு. விகாரம் உள்ள கட்டிக்கு மருந்து. இல்லாத கட்டியில் அதற்கு வேலையில்லை. விகாரம் உண்டா இல்லையா என்பது நுணுக்குக்காட்டியில் கட்டியின் உருவத்தைப் பார்த்து மட்டும் நிச்சயிக்கக் கூடியதல்ல. அதைத் தேடிச் சோதிக்க வேண்டும்.

3. ஒரு மருந்து எவ்வாறு பரிசோதிக்கப்பட்டது

வொராசிடெனிப் என்பது அக்குளிசையின் பெயர். நாளுக்கு ஒன்று, 40 மில்லிகிராம். விகாரமடைந்த நொதியத்தில் பொருந்தி அதன் வேலையைத் தடுப்பதே அதன் தொழில். இரத்தத்தில் உள்ள பெரும்பாலான மருந்துகள் மூளைக்குள் புகமுடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. அத்தடுப்பைத் தாண்டும்படி இம்மூலக்கூறு வடிவமைக்கப்பட்டது.

அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனைக்கு இண்டிகோ என்று பெயர். முடிவுகள் 2023 யூனில் வெளியாயின. பத்து நாடுகளில் 77 மையங்கள், 331 நோயாளர். எல்லாரும் சத்திரசிகிச்சை மட்டும் செய்து, கதிர்ச்சிகிச்சையோ இரசாயனச் சிகிச்சையோ இன்னும் பெறாத இரண்டாம் தரக் கட்டிக்காரர். 168 பேருக்கு மருந்தும் 163 பேருக்கு வெற்றுக்குளிசையும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

நோயாளிக்கு வெற்றுக்குளிசை கொடுப்பது நீதியா என்று கேட்கலாம். இந்த நோயில் அதுவரை இருந்த வழக்கத்தை அறிந்தால் அது விளங்கும். கதிர்ச்சிகிச்சையும் இரசாயனச் சிகிச்சையும் பயன் தருபவை. ஆனால் ஞாபகசக்தியையும் சிந்தனையையும் காலப்போக்கில் பாதிக்கக் கூடியவை. முப்பத்தைந்து வயதில் நன்றாக நடமாடும் ஒருவருக்கு அவற்றை உடனே கொடுப்பதா என்று வைத்தியர்கள் தயங்கினர். உடனடி ஆபத்து இல்லாதவர்களை ஸ்கான் எடுத்துப் பார்த்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். ஆகவே வெற்றுக்குளிசை பெற்றவர்களுக்கு நடந்தது அந்த வழக்கமான காத்திருப்புத்தான். கட்டி வளர்ந்தது உறுதியானால் அவர்களும் மருந்துக்கு மாறலாம் என்ற ஏற்பாடும் இருந்தது.

முடிவு என்ன? கட்டி மீண்டும் வளரும் வரையோ மரணம் வரையோ கழிந்த காலத்தின் இடையம், வெற்றுக்குளிசைக் குழுவில் 11.1 மாதம், மருந்துக் குழுவில் 27.7 மாதம். கட்டியின் கனவளவு வெற்றுக்குளிசைக் குழுவில் ஆறு மாதத்துக்குச் சராசரி 13.9 வீதம் கூடியபோது, மருந்துக் குழுவில் 2.5 வீதம் குறைந்தது. அடுத்த சிகிச்சைக்குப் போகவேண்டிய தேவையும் நெடுநாள் தள்ளிப்போயிற்று. பக்கவிளைவுகளில் முக்கியமானது ஈரல் நொதியங்களின் ஏற்றம். பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அது கடுமையாக இருந்தது. ஆகவே அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும். 2024 ஓகஸ்ட் 6ஆம் திகதி அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி வழங்கியது.

இது நோயை மாற்றும் மருந்தல்ல, தள்ளிப்போடும் மருந்து. அதை எடுப்பவர்கள் கூடுதல் காலம் உயிர்வாழ்கிறார்களா என்பதை அப்பரிசோதனை இன்னும் நிறுவவில்லை. அதற்குப் போதிய ஆண்டுகள் கழியவில்லை. எனினும் ஒரு இளம் தகப்பன் கதிர்ச்சிகிச்சை இல்லாமல், தலை தெளிவாக, வேலைக்குப் போய்வந்து வாழக்கூடிய ஒன்றரை வருடத்தை அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்பதையும் கவனிக்க வேண்டும். 28 நாள் கொண்ட மூன்று சுற்றுகளுக்கு ஒருமுறை, அதாவது 84 நாட்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு நோயாளரும் ஸ்கானுக்கு வந்திருக்கிறார்கள். முடிவு வெளியான வேளையில் அவர்கள் கண்காணிக்கப்பட்ட காலத்தின் இடையம் ஏறத்தாழ 14 மாதம். இப்பரிசோதனையின் அளவுகோல் காலம். அடுத்த வருடமும் அதே வைத்தியசாலைக்கு வரக்கூடிய மனிதரை வைத்தே அந்தக் காலத்தை அளக்கலாம். அந்தப் பத்து நாடுகளில் வளைகுடா நாடு ஒன்றும் இல்லை.

4. வளைகுடாவில் பரிசோதனை என்றால் என்ன?

வளைகுடாவில் பரிசோதனைகள் நடப்பதேயில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. 2020 யூலையில் அபுதாபியில் சீனாவின் சினோபார்ம் கொரோனாத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனை ஆரம்பமானது. சில வாரங்களில் 31,000 பேர் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். 125 தேசங்களைச் சேர்ந்தவர்கள் என்று பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2021 மே மாதம் வெளியான ஆய்வறிக்கையில் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் பஹ்ரெயினிலுமாக 40,382 பேர் கணக்கில் வருகிறார்கள். அவர்களின் சராசரி வயது 36.1. ஆண்கள் 84.4 வீதம்.

உலகில் எந்த ஊரின் சனத்தொகையில் ஆறுபேரில் ஐவர் ஆண்கள்? வேலைக்கு ஆட்களை இறக்குமதி செய்யும் ஊரில்தான். அந்த அட்டவணையில் தொழில் என்ற நிரல் இல்லை. ஆனால் அந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது எங்கள் தொழிலாளர் விடுதியின் சாப்பாட்டு வரிசையை நான் கண்டேன். அதே ஆய்வில் கண்காணிப்புக் காலத்தின் இடையம் 77 நாள்.

நான் அந்தத் தடுப்பூசிப் பரிசோதனையைக் குறை சொல்லவில்லை. நோய்த்தொற்று பரவும் காலத்தில் விரைவாக விடை வேண்டியிருந்தது, கிடைத்தது. அத்தடுப்பூசி பின்னர் பல வறிய நாடுகளுக்கும் போனது. நான் சொல்வது வேறு. 77 நாளில் முடியும் கேள்விக்கு வளைகுடாத் தொழிலாளியின் உடல் ஏற்றது. 27 மாதம் வேண்டும் கேள்விக்கு அதே உடல் ஏற்றதல்ல. அந்த மனிதனை அங்கே 27 மாதம் வைத்திருக்க யாரும் பொறுப்பேற்கவில்லை.

தொழிலாளிக்கு அறிமுகமான பரிசோதனை வேறொன்று. ஊரை விட்டு வெளிக்கிட முன்னரே அது தொடங்குகிறது. முன்பு காம்கா என்றும் இப்போது வாஃபித் என்றும் அழைக்கப்படும் ஒழுங்கின்கீழ் கொழும்பிலோ சென்னையிலோ 'மெடிக்கல்' செய்ய வேண்டும். வந்து இறங்கியபின் விசா அடிக்க மீண்டும் ஒன்று. எயிட்ஸ் கிருமி, காசநோய் முதலியவற்றைத் தேடுகிறார்கள். விடை ஒன்றில் ஃபிட், அல்லது அன்ஃபிட். அன்ஃபிட் என்றால் சிகிச்சை என்ற பேச்சுக்கு முன்னர் விமானச்சீட்டு என்ற பேச்சு வரும். உடலைப் பார்ப்பது அவ்வுடலுக்காக அல்ல, அதை உள்ளே விடலாமா என்று அறிவதற்காக.

இதற்கு அருகிலேயே இன்னொரு பெரும் வேலையும் நடக்கிறது. அமீரக ஜீனோம் திட்டம் பத்து லட்சம் பேரின் டி.என்.ஏ.யை முழுமையாக வாசிப்பதை இலக்காகக் கொண்டது. அது குடிமக்களுக்கானது. ஒரு நாடு தன் குடிமக்களின் நோய்களை அறிய முயல்வதில் பிழையில்லை. ஆனால் அந்நாட்டில் வாழ்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் குடிமக்கள் அல்லர் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

5. தொண்ணூறு நாள்

ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் வாசகர்கள் ஒரு வித்தியாசத்தை நினைவில் கொள்ளவேண்டும். வளைகுடாவின் ஆறு நாடுகளில் ஒன்றேனும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. எதனால் ஊரை விட்டு வந்தோம் என்று எம்மை இங்கு யாரும் கேட்பதில்லை. வேலை இருக்கும்வரை இருக்கலாம். எனவே வருத்தம் வந்தவுடன் முதலில் பார்க்கப்படுவது தொழிற்சட்டம்.

அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் தொழிற்சட்டத்தின்படி வருடத்துக்கு 90 நாள் வருத்த லீவு உண்டு. முதல் 15 நாள் முழுச் சம்பளம்; அடுத்த 30 நாள் அரைச் சம்பளம்; மிகுதி 45 நாள் சம்பளமில்லை. அதன் பின்னும் வேலைக்குத் திரும்ப முடியாதவரை நிறுவனம் நிறுத்தலாம். பல நாடுகளோடு ஒப்பிட்டால் இது மோசமான சட்டமென்று சொல்ல முடியாது. கால் முறிந்தவனுக்கு இது போதும். ஆனால் இண்டிகோவில் முதலாவது ஸ்கானே 84ஆம் நாளில்தான். மருந்து கேட்கிறதா என்று முதன்முதலாகப் பார்ப்பதற்கும் வேலை பறிபோகக்கூடிய நாளுக்கும் இடையில் ஆறு நாள். வலிப்பு வந்தவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவும் முடியாது. வேலை போனால் விசாவும் போகும்.

காப்புறுதி விஷயமும் இவ்வாறே. அபுதாபியில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் துபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் மருத்துவக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது. சார்ஜா உள்ளிட்ட வடக்கு எமிரேற்றுகளில் தனியார்துறைத் தொழிலாளருக்கு அது 2025 யனவரி 1ஆம் திகதி முதலே கட்டாயமானது. அடிப்படைத் திட்டத்தின் கட்டணம் வருடத்துக்கு 320 திர்ஹம். எனது நண்பர் விழுந்தபோது அது இல்லை. அறைக்கு அறை போய்ப் பணம் சேர்த்தோம்.

இப்போது அட்டை இருக்கிறது, நல்லது. ஆனால் கணக்கைப் பாருங்கள். துபாயின் அடிப்படைத் திட்டத்தில் வருடாந்த உச்ச வரம்பு 150,000 திர்ஹம். அது ஏறத்தாழ 40,800 அமெரிக்க டொலர். வொராசிடெனிப்பின் அமெரிக்கப் பட்டியல் விலை ஒரு மாதத்துக்குச் சுமார் 40,000 டொலர். ஒரு வருடக் காப்புறுதி முழுவதும் ஒரு மாத மருந்துக்குச் சரி. இந்த மருந்தை ஒரு மாதம் எடுப்பதில் அர்த்தமில்லை. கட்டி அடங்கியிருக்கும்வரை எடுக்க வேண்டும்.

6. எலிகள் என்ற வாதம்

எமது சஞ்சிகைகளில் மருந்துப் பரிசோதனை என்றவுடன் 'மூன்றாம் உலக மக்கள் பரிசோதனை எலிகள்' என்ற வாதமே முதலில் வருவது வழக்கம். அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்ட திட்டம், பெற்றோரின் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்ற குற்றச்சாட்டுக்களின் பின் 2010இல் நிறுத்தப்பட்டது. இவற்றை மறக்கக் கூடாது.

ஆனால் இந்த வாதத்தோடு மட்டும் நின்றுவிட்டால் இன்னொரு அநீதி கண்ணில் படாமற் போகிறது. பரிசோதனையில் பயன்படுத்தப்படுவது ஒரு அநீதியாகலாம். பரிசோதனையில் சேர்க்கத் தகுதியற்றவராய் வெளியே விடப்படுவதும் ஒரு அநீதியே. முன்னையதில் உடலாவது எண்ணப்படுகிறது. பின்னையதில் அந்த மனிதர் எந்த அட்டவணையிலும் வருவதில்லை. எந்த வருத்தம், எந்தத் தரம், விகாரம் உண்டா இல்லையா என்ற பதிவே இல்லாமல் அவர் விமானத்தில் ஏற்றப்படுகிறார். மருந்து இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மருந்து உண்டா என்று கேட்கும் நிலைக்கே அவர் வரவில்லை.

விலையைப் பற்றிய போராட்டத்தில் எமக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. குறிபார்த்துத் தாக்கும் மருந்துகளின் முன்னோடியான கிளிவெக், ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கான இந்தியக் காப்புரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில், 2006 யனவரியில். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், ஈற்றில் 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்சநீதிமன்றம் நிராகரிப்பை உறுதிசெய்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபா விலையிடப்பட்ட மருந்தின் இந்தியப் பிரதி 8,000 முதல் 10,000 ரூபாவுக்குக் கிடைத்தது. நோயாளர் அமைப்பு ஒன்றும் அவ்வழக்கில் நின்றது. ஆகவே இன்றைய விலை என்றைக்குமான விலை என்று நம்பத் தேவையில்லை. ஆனால் விலை இறங்கும் நாளில், தன் கட்டியில் அந்த விகாரம் உண்டு என்று அறிந்தவனுக்கே அந்த மருந்தால் பயன்.

7. மெழுகுக்கட்டி

இதனால்தான் மருந்தைவிட ஒரு சிறிய பொருளைப் பற்றிப் பேசி முடிக்க விரும்புகிறேன். கட்டியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட இழையத்தை வைத்தியசாலைகள் பரபின் மெழுகில் பதித்து வைக்கின்றன. அதிலிருந்து மெல்லிய சீவல்களை வெட்டிச் சாயமிட்டுத்தான் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். மிகுதி மெழுகுக்கட்டி வருடக்கணக்காகப் பழுதாகாமல் இருக்கும்.

132ஆவது இடத்து விகாரத்தைக் கண்டுபிடிக்க எப்போதும் டி.என்.ஏ. வாசிக்கும் இயந்திரம் வேண்டியதில்லை. மாறிய புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி ஒன்றை ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரத்து ஆய்வாளர்கள் 2009இலேயே உருவாக்கிவிட்டார்கள். ஒரு சீவலில் அதைக் கொண்டு சாயமிட்டால் விகாரமுள்ள கலங்கள் பழுப்பு நிறமாகத் தெரியும். கிளையோமாவில் காணப்படும் ஐ.டி.எச். விகாரங்களில் பத்துக்கு ஒன்பது இந்த ஒரு சாயத்திலேயே அகப்படும். மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் இதன் செலவு ஒன்றுமேயில்லை.

எனது நண்பரை ஊருக்கு அனுப்பும்போது அவருடைய கடவுச்சீட்டு, கணக்குத் தீர்த்த காகிதம், விமானச்சீட்டு எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தோம். மெழுகுக்கட்டியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. உயிரிரசாயனம் படிப்பித்த எனக்கும் தோன்றவில்லை. அந்த வைத்தியசாலையில் ஐ.டி.எச். சோதனை செய்தார்களா என்று விசாரித்தபோது, நோயாளியின் கையொப்பத்துடன் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் வந்தபோது, அவருடைய பதிவு இலக்கம் பழைய விசாவோடு மூடப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை போனபோது தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வாசகர்களில் வைத்தியர்கள் இருக்கிறீர்கள், ஆய்வுகூடங்களில் வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள், ஊருக்குப் பணம் அனுப்பும் சங்கங்களை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது மாதம் 40,000 டொலர் அல்ல. வளைகுடாவிலிருந்து இப்படி ஒருவர் திரும்பி வருகிறார் என்று கேள்விப்பட்டால், முழு நோயியல் அறிக்கையையும் ஸ்கான் படங்களையும் மெழுகுக்கட்டியையும் கேட்டு வாங்கி வரும்படி, அவர் விமானம் ஏற முன்னர் சொல்லுங்கள். ஊரில் செய்யமுடியாத சாயமாக இருந்தால் அச்சீவலைச் சோதிக்கக்கூடிய ஒரு ஆய்வுகூடத்தை ஒழுங்குபண்ணிக் கொடுங்கள். எத்தனை பேர் இவ்வாறு திரும்பினார்கள், என்ன நோயோடு திரும்பினார்கள் என்ற ஒரு பதிவேட்டை ஆரம்பியுங்கள். நாளைக்கு ஒரு பரிசோதனை எமது பக்கத்து நாடொன்றில் வந்தாலும், விலை இறங்கிய பிரதி மருந்து வந்தாலும், அப்பதிவேட்டில் இருப்பவர்களைத்தான் தேடிப் பிடிக்க முடியும்.

அந்தப் பெண்ணுக்கு நான் இப்போது சொல்லியிருக்கும் பதில் இதுதான். பிள்ளைகளுக்கு வராது. குளிசையைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவருடைய கட்டி எந்த வகை என்று தெரியவேண்டும். அது தெரிவதற்குத் தேவையான துண்டு இங்கே, நான் வேலைக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு கட்டடத்தில் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. மீண்டும் போவேன்.